ஆமை வைத்தியரின் இரண்டு வளைகள்

காட்டாறு ஒன்று நடுவே புகுந்து இரண்டு கரையாகப் பிரித்துப் போட்ட காடு அது, குழந்தைகளே. அங்கே வைத்தியம் பார்ப்பது ஓர் ஆமை. அதற்குக் கிழக்குக் கரையில் ஒரு வளை, மேற்குக் கரையில் ஒரு வளை. எந்த வளை வாயிலில் நின்று கூப்பிட்டாலும் தண்ணீருக்கடியில் நீந்தி வந்து தலையை நீட்டிவிடும்.

மழைக்கு மழை கரை இடியும். வளையும் இடம் மாறும். இன்றைக்கு எங்கே என்பது கரிச்சான் குருவிக்குத்தான் தெரியும். ஆற்றின்மேல் சாய்ந்த மருதமரத்தில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு இடத்தையும் சொல்லும்.

ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம். ஒருவருக்குக் கிழக்கை முதலில் சொன்னால், அடுத்தவருக்கு மேற்கைத்தான் முதலில் சொல்லும்.

"கேக்கிறவங்க எந்தக் கரையில நிக்கிறாங்கன்னு பாத்துச் சொன்னா என்ன?" என்றது அதே மரத்தில் இருந்த அணில்.

"அப்புறம் என்னை ஓரவஞ்சனைக்காரன்னு ஏசவா? முறைன்னா முறைதான், போ!"

ஒருநாள் ஆற்றில் வெள்ளம். மேற்குக் கரையில் ஒரு முயல், குட்டியை முதுகில் சுமந்து ஓடி வந்தது. புல்லோடு நெருஞ்சி முள்ளையும் விழுங்கிவிட்ட குட்டி, மூச்சுத் திணறியது.

"அண்ணே, வைத்தியர் எங்கே?"

அன்றைய முறை கிழக்கு. "கிழக்குக் கரையில நாவல்மரத்தடி வளை. மேற்குக் கரையில..."

முதல் பாதியோடு முயல் பாய்ந்துவிட்டது, நேரே ஆற்றை நோக்கி.

கரிச்சான் கத்தியது: "நில்லு! நில்லும்மா!" வெள்ளத்தின் இரைச்சலில் அதன் குரல் யாருக்குக் கேட்கும்? விர்ரென்று பறந்துபோய் முயலின் மூக்கிலேயே மோதியது. முன்னங்கால் நனைந்த முயல் தடுமாறிப் பின்னால் சரிந்தது.

"எங்கே ஓடுறே? உன் பக்கத்துலேயே, அந்தத் தாழம்புதருக்குப் பின்னால இன்னொரு வளை இருக்கு!"

"அதை முதல்ல சொன்னா என்ன?"

"சொல்ல வந்தேனே, ரெண்டாவதா!"

"பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறப்போ ரெண்டாவதைக் கேட்டுக்கிட்டு நிப்பாங்களாக்கும்?"

கரிச்சான் புதரைக் காட்டி முன்னால் பறந்தது.

புதருக்குப் பின்னால் ஓடி முயல் கூப்பிட்டது. ஆமை தலையை நீட்டி, குட்டியின் வாயைத் திறந்து முள்ளை வெடுக்கென்று பிடுங்கியது. குட்டி ஒரு தும்மல் போட்டது. பிறகு வீலென்று அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் முயல் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் கிழக்குக் கரையிலிருந்து முள்ளம்பன்றி கத்தியது: "வைத்தியர் எங்கேப்பா?"

கரிச்சான் கழுத்தை நீட்டிப் பார்த்து, அந்தக் கரைக்கே பறந்துபோய்ச் சொன்னது: "நீங்க நிக்கிற கரையிலேயே நாவல்மரத்தடி வளை. அது தூர்ந்து கிடந்தா மட்டும், வெள்ளம் வடிஞ்சதும் மேற்குக் கரைத் தாழம்புதருக்கு வாங்க."

"இப்போ மேற்கு முறையாச்சே?" என்று, மரத்துக்குத் திரும்பிய கரிச்சானை அணில் சீண்டியது.

"அந்த முறை எனக்குத்தான் சௌகரியம்" என்றது கரிச்சான். "ஓடி வர்றவங்களுக்கு இல்ல."

நீதி: கேட்பவர் நிற்கும் இடம் பார்த்துச் சொல்லாத வழி, சரியான வழியாக இருந்தாலும் உதவாது.