பின்னால் போகாத கால்

காசிமேடு மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற சவரி, குத்துச்சண்டைக் கூடத்தில் ஆறு மாதமாக அடி வாங்குகிற ஆள். சாம்பியன் டில்லிபாபு மூச்சுவிடாமல் குத்திக்கொண்டே முன்னேறுவான். எதிரே நிற்பவன் பின்வாங்கியே ஆகவேண்டும். அது கோதண்டம் மாஸ்டர் போட்ட சட்டம். அடி வாங்கிக்கொண்டே சவரி டில்லியின் கால்களைக் கவனித்தான். இந்தக் கால் என்றைக்காவது பின்னால் போயிருக்கிறதா?

மாவட்ட அணியில் தன் பேரையும் சேர்க்கச் சொல்லி சவரி கேட்டதும் மாஸ்டர் சிரித்தார். "டில்லியை ஒரே ஒரு அடி பின்னால நகர்த்துடா, சேர்க்கிறேன். முடியலைன்னா இந்தப் பக்கமே வராதே."

இருவரும் களத்தில் ஏறி மணி அடித்ததும் டில்லியின் குத்து மழையாகக் கொட்டியது. சவரி முகத்தை மூடி, தோளோடு தோள் ஒட்டி, டில்லியைப் போலவே குட்டிக் குட்டிக் குத்தாக விடாமல் குத்தியபடி முன்னே நடந்தான். பின்வாங்கப் போன டில்லியின் கால்கள் பின்னிக்கொள்ள, தொப்பென்று உட்கார்ந்தான்.

"யார்டா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்று கத்தினார் மாஸ்டர்.

"டில்லி அண்ணன்தான் மாஸ்டர், தினமும் என் விலாவுல. பாவம், பின்னால நடக்கத்தான் அவருக்கு நீங்க சொல்லித்தரல."

உட்கார்ந்திருந்த டில்லியே சிரித்துவிட்டான். "அவன் பேரை எழுதுங்க மாஸ்டர். டேய் சவரி, நாளைக்கும் நீயே முன்னால வா. பின்னால நடக்கிறது எப்படின்னு நான் பார்க்கணும்."