புழுதி கிளப்பிய பன்றி

ஒரு காட்டில் கோடை வந்து ஆறு வற்றிப்போனது. மணல் மட்டும் நேராக, நீளமாகக் கிடந்தது. ஒரு கோடியில் மருத மரம். மறு கோடியில் ஒரு மடு. காட்டுக்கே அந்த மடுவில்தான் கொஞ்சம் தண்ணீர் மிச்சம்.

மடுவில் முதலில் இறங்குவது யார்? மரத்திலிருந்து ஓடி, மடுவுக்கு முதலில் வந்து சேருகிறவர்தான் அந்தக் கோடை முழுக்க முதலில் இறங்கலாம். அப்படி ஒரு பழக்கம் அங்கே இருந்தது.

முன்பெல்லாம் ஜெயித்தது ஒரு காட்டுப்பன்றி. பெரிய உடம்பு. அதைவிடப் பெரிய பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டே பயந்து, கொஞ்ச வருஷமாக அதனோடு ஓட யாரும் வருவதில்லை. ஓடாமலே அதுதான் முதலில் இறங்கியது.

இறங்கினால் குடித்துவிட்டுப் போகுமா, குழந்தைகளே? புரளும். உருளும். பின்னால் வருகிறவர்களுக்குச் சேறுதான்.

அந்தக் கோடையிலும் சேறுதான். அதைக் குடித்து ஒரு மான்குட்டிக்கு வயிறு ஊதிவிட்டது. எழுந்து நிற்கவே தடுமாறியது. அதன் தாய் யாரிடமும் அதிகம் பேசாத புள்ளிமான். அன்றைக்குத் தயங்கித் தயங்கிப் பன்றியிடம் வந்தது.

"அண்ணே, இந்த வருஷம் நானும் ஓடுகிறேன்."

"நீயா? இந்தக் குச்சிக்காலை வைத்துக்கொண்டா? காற்றடித்தால் ஒடிந்துவிடும், பார்த்து நில்லம்மா!"

பக்கத்தில் நரி நின்றது. பன்றி மண்ணைக் கிளறும்போது வெளியே வரும் எலிகளைத் தின்று வளர்ந்த நரி.

"அந்தக் காலத்தில் ஐயா ஓடினால் கண் இமைப்பதற்குள் மடுவில் இருப்பார். இந்தக் காலத்து ஓட்டமெல்லாம் ஒரு ஓட்டமா?" என்றது அது.

"நீ பார்த்தாயா?" என்று முயல் கேட்டது.

"நான் அப்போது பிறக்கவே இல்லை."

"பிறகு?"

"பிறக்காவிட்டால் என்ன? ஐயாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்!"

"நான் பார்த்திருக்கிறேன்," என்றது ஆமை. "நிழல் இருக்கிறதே என்று எல்லோரும் மரத்தடியில்தான் நிற்போம். இவர் உறுமுவார், தரை அதிரும். காலால் மண்ணை வாரி அடிப்பார். கூட ஓட வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். புழுதி அடங்கிப் பார்த்தால் இவர் மடுவில் இருப்பார். என்ன புழுதி! இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது."

மான் ஆமையைப் பார்த்தது. பிறகு பன்றியைப் பார்த்தது.

"எனக்கு ஒன்றே ஒன்று போதும் அண்ணே. இந்தத் தடவை எல்லோரும் மடுப்பக்கம் வந்து நிற்கட்டும்."

பன்றி வாயைத் திறப்பதற்குள் நரி குதித்தது.

"நிற்கட்டுமே! ஐயா வந்து சேருகிற அழகைக் கிட்டே நின்று பார்க்கட்டும்!"

பன்றி நரியை முறைத்தது. ஆனால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "ம்," என்றது.

மறுநாள் காலை எல்லோரும் மடுவைச் சுற்றி நின்றார்கள். ஓட்டம் தொடங்கலாம் என்று மயில் அகவியது. தூரத்தில் உறுமல் கேட்டது. புழுதி எழும்பி மருத மரமே மறைந்துபோனது.

"ஆகா! அதே புழுதி! அந்தக் காலத்துப் புழுதி!" என்று நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அது துடைத்து முடிப்பதற்குள் மான் வந்து நின்றது. மயில் அகவியதுமே கிளம்பிவிட்டதால், அதன் வாலில்கூடப் புழுதி படவில்லை.

பன்றி எங்கே? அங்கேதான், மண்ணை வாரி அடித்துக்கொண்டு இருந்தது! அடித்து அடித்து, மூச்சு வாங்கிய பிறகு புழுதியை விட்டு வெளியே வந்தது. ஓடியா வந்தது? நடந்து வந்தது. பாதி வழியில் நின்று, ஒரு கட்டையில் முதுகைச் சொறிந்துகொண்டது. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தது. அத்தனை கண்களும் அதன்மேல்!

உடனே உறுமிக்கொண்டு நாலு எட்டு ஓடி, மீதியை நடந்தே வந்து நின்றது.

குரங்குக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"மணல் சரியில்லை," என்றது பன்றி. "அந்தக் காலத்து மணலே வேறு. இறுகின மணல். அப்போது நான் ஓடினேன் பாருங்கள்..."

"அப்போதும் இதே கட்டையில்தான் சொறிந்தீர்களா அண்ணே?" என்றது முயல்.

பன்றி நரியைத் தேடியது. நரி மானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, உங்கள் காலைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும்," என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டியை மூக்கால் மெல்லத் தள்ளி மடுவுக்குக் கொண்டுபோனது. இரவில் சேறு அடங்கித் தெளிந்திருந்த தண்ணீரில், அடியில் கிடந்த கூழாங்கற்கள்கூடத் தெரிந்தன. குட்டி குனிந்து குடித்தது. நிமிர்ந்து தாயைப் பார்த்தது. மறுபடியும் குடித்தது.

நீதி: பழம்பெருமை கிளப்பும் புழுதியைப் பார்த்து மலைக்காதே, போய்ச் சேருகிற இடத்தில் நின்று பார்.