பிசினுக்குள் இருந்த பாட்டன்

ஓடைக்கரையில் விழுந்து கிடந்த ஓர் இலவமரக் கட்டைக்காகக் கொம்பு வண்டுகளும் மீசை வண்டுகளும் சண்டை போட்டன. இரண்டு கூட்டமும் உளுத்த கட்டைக்குள்தான் முட்டையிடும். மழைக்கு முன்பே இட்டாக வேண்டும். அந்த ஆண்டு காட்டில் வேறு மரம் விழவில்லை.

கட்டையின் அடியில் தேன் நிறத்தில் ஒரு கல் கிடைத்தது. கல் என்று சொல்வது தப்பு. என்றோ வடிந்து இறுகிய மரப்பிசின் அது. உள்ளே ஒரு வண்டு, கால் மடங்காமல் அப்படியே இருந்தது.

"எங்கள் பாட்டன்," என்றார் கொம்பு வண்டுகளின் தலைவர். "கொம்பைப் பாருங்கள். கட்டை எங்களுடையது."

"கொம்பா? மீசை ஐயா அது. நீளத்தைப் பாரும், எங்கள் பாட்டன்!" என்றார் மீசை வண்டுகளின் தலைவர்.

இருவருமே பொய் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் கொம்பு வண்டுகள் கிழக்கே உட்காரும், மீசை வண்டுகள் மேற்கே உட்காரும். எழுந்து எதிர்ப்பக்கம் போவது குலத்துக்கே கேவலம். அதனால் நடுவே இருந்த கல்லின் மறுபக்கத்தை இரு கூட்டத்திலும் எவரும் பார்த்ததில்லை.

"வயிறு கனக்கிறது, மாமா. யார் பாட்டனானால் என்ன, சீக்கிரம் முடியுங்கள்," என்றது சூலியாக இருந்த ஒரு மீசை வண்டு.

"பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே," என்று அதன் தலைவர் அதட்டினார்.

வழக்கு தேவாங்கிடம் போனது. பூச்சிகளின் வகை தொகை அறிந்தது அது ஒன்றுதான். (தின்று பார்த்து அறிந்தது, அதை யாரும் நினைவுபடுத்தவில்லை.) தேவாங்கு கல்லை ஓடையில் நனைத்தது. நனைந்ததும் உள்ளே தெளிவாகத் தெரிந்தது. பிறகு அதைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"கொம்பு இல்லை. தலைக்கு முன்னால் நிற்பது காற்றுக் குமிழி. நீள மீசையும் இல்லை. அது பிசினில் விழுந்த விரிசல். இதன் மீசை குட்டை, மணி கோத்தது போல இருக்கிறது. கால்கள் துடுப்பு மாதிரி தட்டை. இந்தக் காட்டில் எந்த வண்டுக்கும் இப்படிக் கிடையாது. இது உங்கள் இருவருக்கும் பாட்டன் அல்ல; புதிய பேரினம். தனியன் என்று பெயர் வைக்கிறேன். கட்டையைப் பகிர்ந்துகொள்ளுங்கள், இடம் தாராளமாக இருக்கிறது."

"முட்டைக் கண்ணை வைத்துக்கொண்டு நீ பார்த்த லட்சணம் இதுதானா?" என்று கொம்புத் தலைவர் கொதித்தார்.

"இவர்களோடு பகிர்வதா? அதற்குச் சாகலாம்," என்றார் மீசைத் தலைவர். சற்று யோசித்து, "ஆனால் ஒன்று. நம் கட்டைக்கு அடியில் வந்து படுக்க இவன் யார்?" என்றார்.

"அதானே! வந்தேறி!" என்றார் கொம்புத் தலைவர்.

அதுவரை முகம் பார்க்காத இரண்டு கூட்டமும் தோளோடு தோள் சேர்ந்து கல்லை உருட்டின.

தேவாங்கு பின்னாலிருந்து கத்தியது. "வெட்கமாக இல்லையா? உங்கள் குலங்களுக்குப் பெயர் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவன் அவன். அவனா வந்தேறி? யார் என்று கேட்டீர்கள், சொன்னேன். நீங்களாக இல்லை என்றதும் துரத்துகிறீர்களே!"

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொழுதெல்லாம் உருட்டி, கல்லை மடுவுக்குள் தள்ளிவிட்டு, வெற்றி முழக்கத்தோடு திரும்பின. அதற்குள் மலைமேல் மழை கொட்டியிருந்தது. ஓடை பெருகிக் கட்டையை அடித்துக்கொண்டு போயிருந்தது.

வெறுங்கரையில் சூல் வண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது.

"மாமா," என்றது, "பாட்டனைத் தண்ணீரில் போட்டாயிற்று. பிள்ளைகளை எங்கே போடட்டும்?"

உண்மையைத் தேடாமல் தன் சாயலை மட்டும் தேடுகிறவன் தனக்கு முன் வாழ்ந்தவனையும் இழப்பான், பிள்ளைகளையும் இழப்பான்.