முத்திரையிட்ட ஜாடி

மலேரியாவை ஒழிக்க நீர்நிலைகளில் எண்ணெய் தெளித்துவந்த செங்கோடனை, ஜமீன்தார் தமது தாமரைத் தொட்டியருகே தடுத்தார்.

"அரண்மனையில் கொசு பிறக்குமா? எல்லாம் உங்கள் தெருவிலிருந்து வருபவை. இங்கே பிறந்த ஒன்றையாவது காட்டு. இல்லையேல் உன் வேலை போய்விடும்!"

"ஒரு வாரம் தவணை கொடுங்கள், எசமான்."

செங்கோடன் தொட்டி நீரைக் கண்ணாடி ஜாடியில் மொண்டு, அதன் வாயை மெல்லிய துணியால் கட்டினான். "வெளிக்கொசு நுழையாதபடி முடிச்சில் தாங்களே அரக்கு முத்திரை வையுங்கள்" என்றான். ஜமீன்தார் பெருமையோடு மோதிரத்தை அழுத்தினார்.

எட்டாம் நாள் சபை கூடியது. முத்திரை குலையவில்லை, ஜாடிக்குள் பதினேழு கொசுக்கள் ரீங்கரித்தன.

"எங்கள் தெருக்காரர் எவரும் உள்ளே நுழையவில்லை, எசமான். இவை அரண்மனை வாரிசுகள். தங்கள் முத்திரையே சாட்சி."

சபை சிரித்தது. ஜமீன்தாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"இத்தனை வாரிசுகள் எனக்கு வேண்டாம்; ஊற்றடா எண்ணெயை!"