ஓணான் நீதிபதியான கதை

குளக்கரைக் காட்டில் நீதிபதியாக இருந்த கிழட்டு யானை செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வழக்குகள் தேங்கிக் கிடந்தன. அதில் வெள்ளெலியின் வழக்கும் ஒன்று.

அதன் வளைக்குள் உடும்பு புகுந்து, "இனி இது என் வீடு" என்றுவிட்டது. பாவம், வெள்ளெலி தன் மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து ஒரு கள்ளிப் புதரடியில் போட்டு வைத்திருந்தது. ஐப்பசி மழைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். நீதிபதியாக விரும்புகிறவர் குளத்துப் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். சம்மதிப்பவர்கள் இறங்கித் தண்ணீர் குடிப்பார்கள். சம்மதிக்காதவர்கள் குடிக்காமல் திரும்பிவிடுவார்கள். குடித்தவர்கள் அதிகமானால் பதவி உறுதி.

முதலில் ஆமை ஏறியது. அது பொய் பேசாது, யாருக்கும் பயப்படாது என்று காடு முழுக்கத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

"மேய்ச்சல் நிலம் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வீர்?" என்று கேட்டது கொம்புக் கட்சித் தலைவரான காட்டெருமை.

"வழக்கை விசாரித்தபிறகு சொல்கிறேன்."

"வேட்டை எல்லை வழக்கில் எங்கள் பக்கம்தானே?" என்றது நகக் கட்சித் தலைவரான சிறுத்தை.

"அதுவும் விசாரித்தபிறகுதான்."

இரண்டு தலைவர்களுக்கும் முகம் சுண்டிவிட்டது. கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் குடிக்காமல் திரும்பினார்கள். கட்சி இல்லாத சின்னப் பிராணிகள் மட்டும் வரிசையாக இறங்கிக் குடித்தன.

வெள்ளெலியின் முறை வந்தது. "அண்ணே, வளை எனக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

"உடும்பையும் கேட்க வேண்டாமா, தாயி? உன் பக்கம் நியாயம் இருந்தால் எதற்குப் பயம்?"

வெள்ளெலிக்கு ஆத்திரமாக வந்தது. நமக்கு வாக்குத் தராத ஆள் நமக்கெதற்கு என்று தாகத்தோடு திரும்பிவிட்டது. ஒரே ஒரு வாய்த் தண்ணீர் குறைந்ததால் ஆமை தோற்றது.

அடுத்து ஓணான் ஏறியது. காட்டெருமை கேட்டதற்குத் தலையை ஆட்டியது. சிறுத்தை கேட்டதற்கும் ஆட்டியது. "வளை எனக்குத்தானே?" என்ற வெள்ளெலிக்கும் ஆட்டியது. அன்றைக்கு எல்லோரும் வயிறு முட்டக் குடித்தார்கள்.

வழக்கு நாளில் மழை பிடித்துக்கொண்டது. நகக் கட்சியைச் சேர்ந்த உடும்புக்குப் பின்னால் சிறுத்தை வந்து நின்றது. ஓணான் அதை அண்ணாந்து பார்த்தது.

"வளை உடும்புக்கே!"

"எனக்கு வாக்குக் கொடுத்தீர்களே, சாமி" என்று கதறியது வெள்ளெலி.

"எல்லோருக்கும்தான் கொடுத்தேன்" என்றது ஓணான்.

வெள்ளெலி காட்டெருமையிடம் ஓடியது. "உனக்குக் கொம்பே இல்லையே, நான் எதற்கு வரவேண்டும்?" என்று அது அசைபோட்டது. ஆமையிடம் ஓடியது. "நான் இப்போது நீதிபதி இல்லையே, தாயி" என்றது ஆமை.

மூன்று நாள் விடாமல் கொட்டியது. மழை விட்டபோது கள்ளியடியில் ஒரு குட்டிதான் அசைந்தது. வெள்ளெலி அதை நக்கிக்கொண்டே மற்ற இரண்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

தீர்ப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு நீதிபதியை அமர்த்துகிற இடத்தில், எளியவருக்கு ஒருநாளும் நீதி கிடைக்காது.