வலத்தாள் பிடுங்கி எறிந்த மைக்

"பேச ஒரு மைக், தொங்க ஒரு வயர், திருக ஒரு சக்கரம், எல்லாத்தையும் என் தலையிலேயே கட்டுங்க. அவ மட்டும் மகாராணி மாதிரி மெத்தையில சாஞ்சு கிடக்கட்டும்!"

வலத்தாள் இதையே ஆயிரத்தோராவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹெட்செட்டுகள்கூட வாய் பேசிய காலம் அது. வலது காதில் உட்காருகிறவள் வலத்தாள், இடது காதில் உட்காருகிறவள் இடத்தாள். காதுகள் அண்ணன் தம்பி என்பதால் இவர்கள் ஓரகத்திகள். இருவரையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உச்சந்தலையில் உட்கார்ந்திருந்தாள் மாமியார் தலைப்பட்டை. மாமியார் வேறு எங்கே உட்காருவாள்?

"உனக்கும் அதே பஞ்சு, அதே மெத்தென்ற தோல்தானே? மூத்தவளாச்சேன்னு பொறுப்பை உங்கிட்ட கொடுத்தேன்," என்றாள் தலைப்பட்டை.

"நல்ல பொறுப்பு! அவ பஞ்சைப் பாருங்க, புதுசு மாதிரி உப்பிக்கிட்டு இருக்கு. என்னோடது கனத்துல நசுங்கியே போச்சு."

"வேணும்னா என் மெத்தையை எடுத்துக்கோங்கக்கா," என்றாள் இடத்தாள். அந்த இனிப்பைத்தான் வலத்தாளால் தாங்க முடியவில்லை.

இவர்களைத் தலையில் மாட்டிக்கொண்டு ஜெனிட்டா கம்ப்யூட்டரில் மும்முரமாக விளையாடிக்கொண்டிருந்தாள். "பின்னால வர்றான், ஓடுடி!" என்று அவள் தோழியிடம் கத்திய நேரத்தில், வலத்தாள் மைக்கை வெடுக்கென்று பிடுங்கினாள். கூடவே வயரையும் சக்கரத்தையும். எல்லாவற்றையும் இடத்தாள் மேல் எறிந்தாள்.

"வச்சுக்கோ. நீயே சுமந்து பாரு."

இடத்தாள் முனகாமல் மாட்டிக்கொண்டாள்.

வலத்தாளின் சுகம் முழுசாக அரை மணி நேரம் நீடித்தது. சத்தத்தைக் கூட்டும் சக்கரத்தைத் தேடி ஜெனிட்டாவின் விரல் இடப்பக்கம் போனது. மைக்கை வாயோரம் வளைக்க மறுபடி இடப்பக்கம். கழற்றும்போதுகூட அந்தக் கை இடத்தாளைத்தான் முதலில் பிடித்தது. வலத்தாளைச் சீந்த ஆளில்லை. குளுகுளு பஞ்சுக்குள்ளே அவளுக்கு வயிறு எரிந்தது.

"அத்தை, அதையெல்லாம் திருப்பி வாங்கிக் கொடுங்க!"

தலைப்பட்டை திரும்பவில்லை. மைக் யார் பக்கமோ அவள் பேச்சுதான் அந்த வீட்டில் எடுபடும். இது வலத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கு இடம் மாறியவைதான். இன்றைக்கும் பெரும்பாலான ஹெட்செட்டுகளில் மைக்கும் வயரும் சக்கரமும் இடப்பக்கமே இருக்கின்றன. வலப்பக்கம் வெறும் மெத்தை. அதற்குள்ளிருந்து வலத்தாள் கேட்டுக்கொண்டேயிருக்கிறாள்:

"ஏடி, மைக்கை நீயே வச்சுக்கோ. அந்த விரலை மட்டும் ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் வரச் சொல்லேன்."