குங்குமம் காயாத தோட்டா

குரு என்றதும் தாடியையும் மரநிழலையும் தேடுகிறவர்கள் யோகராணியைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். கனடாவில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கடை வைத்திருந்தார். வில், அம்பு, துவக்கு, தோட்டா, சேற்றில் புதையாத சப்பாத்து, எல்லாம் விற்பார். வாங்குகிறவர்களுக்கு வேட்டையும் சொல்லிக்கொடுப்பார். அவருடைய சீடர் கந்தவனம் அவரைவிட இருபது வயது மூத்தவர், தலை முழுக்க நரை. ஆனாலும் "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். ரீச்சர் அவரை "அண்ணை" என்பார். இதில் இரண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

இலைகள் சிவக்கத் தொடங்கிய ஒரு காலையில் கந்தவனம் கடைக்கு வந்தார்.

"வில்லைக் கொண்டு போகட்டோ, துவக்கைக் கொண்டு போகட்டோ, ரீச்சர்?"

"எங்க?"

"வடக்க. அதே ஏரிக்கு."

"என்னத்துக்கு?"

"அந்தக் கரடிக்கு."

ரீச்சர் ஒரு அம்பு முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

போன வருடம் இதே காலத்தில் கந்தவனமும் அவருடைய மைத்துனர் பாலேந்திரனும் விமானம் ஏறி வடக்கே மான் வேட்டைக்குப் போனார்கள். திரும்பி வந்தது கந்தவனம் மட்டும்தான். கூடாரத்துக்குப் பக்கத்தில் பழம் தின்ன வந்த கரடி பாலேந்திரனை அடித்துப்போட்டது. சுட்டேன், குறி தவறிவிட்டது என்று கந்தவனம் எல்லோரிடமும் சொன்னார். யாரும் துருவிக் கேட்கவில்லை. செத்தவர் கந்தவனத்தின் மனைவி சிவமலருக்குக் கூடப்பிறந்த தம்பி. அவள் ஒரு குறைகூடச் சொல்லவில்லை, வேளைக்குச் சோறு போட்டாள், தேத்தண்ணி தந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அந்தக் கரடியின் தோலோடு வாசலில் போய் நின்றால்தான் அவள் முகத்தை நேராகப் பார்க்கமுடியும் என்று மனிதர் நம்பினார். அந்த வருடம் முழுக்க அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

"வில் எண்டால் அது மூச்சு விடுறது கேட்கிற தூரத்துக்குப் போகவேணும்," என்றார் ரீச்சர். "துவக்கு எண்டால் தள்ளி நிண்டாலும் போதும். உங்களுக்கு எவ்வளவு கிட்டப் போக ஏலும்?"

கந்தவனம் யோசித்தார்.

"தள்ளி நிக்கிறன்."

"அப்ப துவக்கு."

முதலில் சப்பாத்து, பிறகு மழைச்சட்டை, கடைசியில்தான் ஆயுதம். ரீச்சரின் முறை அது. கந்தவனத்தின் துவக்கை மேசையில் வைத்து, பின்னால் இழுக்கிற தண்டைக் கழற்றினார். தோட்டா இருக்கிற குழிக்குள் சின்னவிரலை விட்டுப் பார்க்கச் சொன்னார்.

"என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை."

"கண்ணால பாத்தனீங்களோ?"

"கண்ணாலயும் பாத்தன், விரலாலயும் பாத்தன்."

துவக்கு கெட்டிப் பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் போனது. தோட்டாக்கள் வேறு பெட்டியில். துவக்குப் பெட்டியைப் பூட்டியதும் கந்தவனம் திறப்பை, அந்தச் சின்னச் சாவியை, நீட்டினார்.

"நீங்கள் வச்சிருங்கோ, ரீச்சர். நான் எங்கயாவது துலைச்சிடுவன்."

"ஏலாது. விமானக்காரரின்ர சட்டம். ஆரின்ர பெட்டியோ அவர்தான் திறப்பை வச்சிருக்கவேணும். கேட்கிற இடத்தில அவர்தான் திறந்து காட்டவேணும். வேற ஆள் தொடக்கூடாது."

விமான நிலையத்துக்கு ரீச்சர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். பயணப்பெட்டிகளை வாங்குகிற பொடியன் நல்ல மரியாதைக்காரன். துவக்கு வெறுமையாக இருக்கிறதா, திறந்து காட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். கந்தவனம் திறந்தார்.

மூடியைக் கொஞ்சம் தூக்கியதுமே உள்ளேயிருந்து குளிர் வந்தது. பஞ்சு நனைந்து கிடந்தது. ஏரித் தண்ணீரின் பாசி மணம். துவக்கின் குழிக்குள், அவர் விரல் விட்டுப் பார்த்த அதே இடத்தில், பித்தளை வட்டம் ஒன்று மினுங்கியது. அதன் நடுவில் குங்குமப் பொட்டு.

பொடியன் எட்டிப் பார்ப்பதற்குள் மூடியைச் சாத்திவிட்டார். ஒரு சாமானை மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

அந்தத் தோட்டாவை அவருக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் ஆயுத பூசை அவர்கள் கூடாரத்தில் இருந்தபோது வந்தது. துவக்கு, வில், கத்தி, மீன் பொரிக்கிற சட்டி எல்லாவற்றையும் பாலேந்திரன் வரிசையாக வைத்துச் சந்தனம் பூசினான். குங்குமம் சிமிழின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம்தான். அதை வழித்து ஒரேயொரு தோட்டாவின் பின்புறத்தில் வைத்து, "முதல் வெடி இதுதான், அத்தான்" என்று கந்தவனத்தின் கையில் கொடுத்தான். பாலேந்திரன் செத்த அன்று மாலை அந்தத் தோட்டாவை ஏரியின் நடுவுக்கு எறிந்தது கந்தவனமேதான். ஏன் எறிந்தார் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

"என்னத்தை மறந்தனீங்கள்?" என்றார் ரீச்சர், காரை எடுத்தபடி.

"ஒண்டும் இல்லை."

ஆற்றுப் பாலத்தில் காரை நிறுத்தச் சொன்னார். பெட்டியைத் திறந்து தோட்டாவை எடுத்துத் தண்ணீருக்குள் எறிந்தார். ரீச்சர் பார்த்தார், கேட்கவில்லை. கந்தவனம் தன் விரலைப் பார்த்தார். சிவப்பு ஒட்டியிருந்தது. ஒரு வருடமாகத் தண்ணீருக்குள் கிடந்த குங்குமம் காயவும் இல்லை, கரையவும் இல்லை.

ஒரு கிழமை கழித்துக் கடைக்கு வந்து, "துவக்கு வேண்டாம். வில்," என்றார்.

"கிட்டப் போகவேணும்."

"போறன்."

வில்லின் நாணைத் தளர்த்தினார்கள். அம்புகளின் முனைகளைக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டார்கள். தோட்டா ஒளிக்க இடமே இல்லாத பெட்டி அது. கந்தவனம் அதைத் தட்டித் தடவி, கவிழ்த்தும் பார்த்தார். பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டு, வழி முழுக்கப் பையை அமுக்கிக்கொண்டே வந்தார்.

அதே பொடியன் அன்றைக்கும் நின்றான். டப்பாவுக்குள் என்ன என்று கேட்டான். அம்பு முனைகள் என்றார் கந்தவனம். அவன் திறக்கச் சொல்வதற்கு முன்பே டப்பா சந்தனம் மணத்தது. நீண்ட பெட்டியின் மூலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

அவர் டப்பாவைத் திறக்கவில்லை. இன்றைக்கும் ஒரு சாமானை மறந்துவிட்டேன் என்றார். பொடியன் பாவம், தலையாட்டினான்.

பிறகு சில நாள் கந்தவனம் கடைப்பக்கம் வரவில்லை. ரீச்சரே போன் எடுத்தார்.

"வெறும் பெட்டியைக் கொண்டு வாங்கோ, அண்ணை."

"வெறும் பெட்டி என்னத்துக்கு?"

"கொண்டு வாங்கோ."

வந்தார். துவக்கும் இல்லை, வில்லும் இல்லை, பஞ்சைக்கூட உருவி எறிந்திருந்தார். ரீச்சர் மேசைக்கு அந்தப் பக்கம் போய், விமான நிலையப் பொடியனைப்போல நிமிர்ந்து நின்றார்.

"உள்ள என்ன இருக்கு?"

"வெறும் பெட்டி, ரீச்சர். பகிடி விடாதேங்கோ."

"திறந்து காட்டுங்கோ."

கந்தவனத்தின் கை திறப்பை எடுத்தது, பூட்டுக்குக் கிட்டப் போய் நின்றது. அவருக்குப் பயம், அந்தப் பயத்தை மறைக்கிற தெம்புகூட அன்றைக்கு இல்லை. கடைசியில் திறந்தார்.

வெறும் பெட்டியின் நடுவில் தோட்டா கிடந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர்.

கந்தவனம் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"நான் சுடேல்லை, ரீச்சர்."

ரீச்சர் மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"துவக்கு என்ர கையிலதான் கிடந்தது. இந்தத் தோட்டா உள்ளுக்க கிடந்தது. அவன் அத்தான், அத்தான் எண்டு கூப்பிட்டவன். என்ர விரல் அசையேல்லை. அவன் கூப்பிடுறதை விடுமட்டும் நான் நிண்ட இடத்திலயே நிண்டனான்."

"தெரியும்."

"எப்பிடி?"

"வந்த கையோட துவக்கைத் துடைக்கச் சொல்லி என்னட்டத்தானே தந்தனீங்கள். குழலுக்குள்ள வெடிச்ச கரி ஒரு துளிகூட இல்லை."

"ஒரு வருசமாத் தெரியுமோ?"

"ஓம்."

கந்தவனம் கதிரையில் உட்கார்ந்து அழுதார். நரைத்த மனிதர் அழுவதைப் பார்க்க ரீச்சருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுது முடியுமட்டும் பக்கத்திலேயே நின்றார். பிறகு கடையைச் சாத்திவிட்டுக் காரை எடுத்தார். கார் விமான நிலையத்துப் பக்கம் திரும்பவில்லை.

கந்தவனத்தின் வீட்டு வாசலில் போய் நின்றது. சத்தம் கேட்டுச் சிவமலர் கதவைத் திறந்தாள். கையில் கரண்டி. அடுப்பில் ஏதோ கிடந்தது போல.

"இண்டைக்கும் போகேல்லையே?" என்று அங்கேயிருந்தே கேட்டாள்.

கந்தவனம் காருக்குள் இருந்தபடி உள்ளங்கையை விரித்தார். தோட்டாவின் குங்குமம் இன்னும் ஈரம்.

"ரீச்சர், நீங்களே அவவிட்டச் சொல்லிவிடுங்கோ. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

ரீச்சர் காரின் சத்தத்தை நிறுத்தினார்.

"நான் எப்பிடித் திறக்கிறது, அண்ணை? திறப்பு உங்களிட்டயெல்லோ கிடக்கு."